சந்துப் பக்கச் சுவர்

வீட்டைத் திறந்ததும் மூத்தவளை முதலில் எட்டியது வாசனைதான். இருபத்திரண்டு வருடமாக ரொட்டிக்கடை நடத்துகிறவள் அவள். அடுக்கின் கோடியில் இருக்கிற ரொட்டியில் பூசணம் பூப்பதற்கு ஒரு நாள் முன்பே அவள் மூக்கு சொல்லிவிடும். அதனால் கடையில் யாரும் பழைய ரொட்டியைப் புதியதோடு கலந்து வைத்துவிட்டு நைசாகத் தப்பித்ததில்லை. அந்த மூக்கு இப்போது, இரண்டு மழைக்காலம் பூட்டிக் கிடந்த அப்பா வீட்டின் வாசற்படியிலேயே அவளை நிறுத்தி வைத்தது.

"என்னம்மா நின்னுட்டீங்க? உள்ள வாங்க, உங்க வீடுதானே?" என்றார் கூட வந்த வீட்டுத் தரகர்.

"பூசணம் இருக்கு."

"எங்க?"

"இன்னும் பாக்கலை. ஆனா இருக்கு."

தரகர் சுற்றுமுற்றும் பார்த்தார். கூடத்துச் சுவர்கள் கொஞ்சம் மங்கியிருந்தன, அவ்வளவுதான். "பூட்டியே கிடந்த வீடும்மா. ரெண்டு நாள் ஜன்னலைத் திறந்து போட்டா எல்லாம் சரியாயிடும்" என்று தொழிலில் சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன ஆறுதலைச் சொன்னார்.

அவள் மூக்கு போன வழியே போனாள். கூடம், சமையலறை, அதைத் தாண்டிப் பின்னறை. அங்கே அப்பாவின் மர அலமாரி சுவரை ஒட்டி நின்றது. கதவைத் திறந்தாள். அப்பா குளிர் நாளில் அலுவலகத்துக்குப் போட்டுக்கொண்டு போகிற கோட்டு உள்ளே தொங்கியது. தோள்பட்டையில் வெள்ளை வெள்ளையாகப் பொடி பூத்திருந்தது. அவளும் தரகரும் சேர்ந்து, மூச்சைப் பிடித்து, அலமாரியை இழுத்தார்கள்.

பின்னால் சுவரே தெரியவில்லை. முழங்கால் உயரத்திலிருந்து தலைக்கு மேல் வரை கறுப்பும் பச்சையுமாக, யாரோ ஈரக் கம்பளியை விரித்து ஒட்டிவிட்டுப் போனது போல இருந்தது.

தரகர் கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டார். ஆனாலும் மனிதர் அசரவில்லை. "இதுக்கெல்லாம் இப்போ பெயிண்ட் வந்திருக்கும்மா. கறையை அப்படியே அமுக்கிடும். ரெண்டு கோட்டிங் அடிச்சுட்டு இதே அலமாரியைத் திரும்ப நிறுத்திட்டா தீந்துச்சு. வாங்க வர்றவங்க சுவரை மோந்தா பாக்கப் போறாங்க?"

"நான் மோந்து பாப்பேன்."

"நீங்க விக்கிறவங்கம்மா!"

 அன்றைக்கே, வீடு காட்டுவதை ஒரு மாதம் தள்ளிப்போடச் சொல்லித் தரகரை அனுப்பிவிட்டாள்.

அப்பா போய் இரண்டு வருடம் ஆகப் போகிறது. காரியமெல்லாம் முடிந்த கையோடு அம்மாவை மூத்தவள் தன்னோடு, ரொட்டிக்கடை மாடிக்கு, கூட்டிக்கொண்டு போய்விட்டாள். பஸ்ஸில் ஒன்றரை மணி நேரத் தூரம். தம்பி அதைவிட எட்டத்தில், வேறு ஊரில் உத்தியோகத்தில் இருந்தான். வீட்டை விற்றுவிடலாம் என்று முதலில் வாயைத் திறந்து சொன்னது அம்மாதான். "பூட்டி வச்சு யார் பாக்கப் போறா? யாராவது குடியிருந்தாத்தான் அது வீடு" என்றாள். பிள்ளைகள் இருவரும் சரி என்றார்கள். பழுது பார்க்கிற வேலை மூத்தவள் தலையில் விழுந்தது. விடியற்காலை ரொட்டி வேலையை முடித்து, மிச்சத்தைக் கணவனிடம் ஒப்படைத்துவிட்டு, முதல் பஸ்ஸைப் பிடித்து வருவாள். சாயங்காலம் திரும்பிவிடுவாள். "மூணு வாரம் நீ இல்லாட்டா கடை ஒண்ணும் மூழ்கிடாது" என்று கணவன் சொல்லியிருந்தான். அதை அவள் பாதிதான் நம்பினாள்.

மறுநாள் மேஸ்திரி வந்தார். காதில் பென்சில், கையில் சிறிய சுத்தியல். வாயைத் திறப்பதற்குத் தனிக் கூலி கேட்பவர் போலப் பேச்சில் அவ்வளவு சிக்கனம். சுவரை அங்கங்கே தட்டினார், காதை வைத்துக் கேட்டார், மறுபடி தட்டினார். பிறகு பென்சிலை எடுத்து, பூசணத்தின் மேலேயே ஒரு பெரிய சதுரம் போட்டார்.

"இங்க ஜன்னல் இருந்துச்சா?"

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இருபத்தொன்பது வருடமாக அந்த ஜன்னலைப் பற்றி வீட்டில் யாரும் பேசியதில்லை. பேசாமலே இருந்து இருந்து, அவளுக்கே அது மறந்து போய்விட்டது போலத்தான் இருந்தது.

"இருந்துச்சு" என்றாள்.

அந்த வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் கை நீட்டினால் தொட்டுவிடுகிற அகலத்தில் ஒரு சந்து. சந்தின் இந்தப் பக்கம் இவர்கள் பின்னறை ஜன்னல், அந்தப் பக்கம் நேர் எதிரே அவர்கள் வீட்டு ஜன்னல். அந்த வீட்டில் இருந்தது ரேடியோ அத்தை. சொந்தத்தில் அத்தை இல்லை. காலையில் எழுந்ததும் ரேடியோவைப் போட்டால் படுக்கப் போகும்போதுதான் அணைப்பாள், அதனால் பிள்ளைகள் வைத்த பெயர். அம்மாவுக்கும் அத்தைக்கும் அந்த ஜன்னல்தான் வாசல். கத்தரிக்கோல் போகும், காய்ச்சல் பார்க்கிற தெர்மாமீட்டர் வரும், வாரப் பத்திரிகை தொடர்கதைப் பக்கம் மடிந்தபடி போய், அடுத்த அத்தியாயத்தைப் பற்றிய சண்டையோடு திரும்பி வரும். தம்பி கைக்குழந்தையாக இருந்தபோது அம்மா குளிக்கப் போகும் நேரத்தில் அவனையே ஜன்னல் வழியாகத் தூக்கி அத்தையிடம் கொடுத்துவிடுவாள். அவன் நடக்கப் பழகுவதற்கு முன்பு வெளியூர் போனதெல்லாம் அந்தக் கை நீட்டுகிற தூரம்தான் என்று அப்பாவே கேலி செய்வார்.

அப்பாவுக்கும் அத்தையின் கணவருக்கும் கூட ஆரம்பத்தில் நல்ல ஒட்டுதல்தான். கெடுத்தது மழைத் தண்ணீர். மாமா வீட்டுக் கூரைத் தண்ணீர்க் குழாய் சந்துக்குள் திறந்திருந்தது. மழை பெய்தால் தண்ணீர் அப்படியே இவர்கள் சுவரில் அறையும். பின்னறைச் சுவர் ஈரம் ஏறி ஓதம் காத்துப் பெயிண்ட் உரிய ஆரம்பித்தது. அப்பா போய்ச் சொன்னார். மாமா, "நீங்க ராத்திரி பகல்னு ஜன்னலைத் திறந்தே வச்சா சாரல் உள்ளதான் வரும். மூடி வைங்க" என்றார். அப்பா, "மூடணுமா? மூடிட்டாப் போச்சு" என்று வந்துவிட்டார்.

ஜன்னல் கதவைச் சாத்துவார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பா செங்கல் வாங்கிக்கொண்டு வந்தார். ஆயுளில் ஒரு ஆணி அடித்தறியாத மனிதர். கோப்புக் கட்டுகிற நூலைச் சட்டத்தின் இரண்டு பக்கமும் இழுத்துக் கட்டி, மட்டம் பார்த்து, தானே கல் வைத்தார். அம்மா சமையலறையை விட்டு வெளியே வரவில்லை. மூத்தவளுக்கு அப்போது பதினேழு வயது. கலவைச் சட்டியை எடுத்துக் கொடுத்தது அவள்தான். கடைசிக் கல் வைக்கும்போது எதிர் ஜன்னலில் ரேடியோ அத்தையின் முகம் ஒரு கண்ணும் பாதி மூக்குமாகத் தெரிந்தது. பிறகு அதுவும் தெரியவில்லை. அதோடு விடாமல் மறுவாரம் தெருப்பக்கம் சந்தின் வாயையும் ஒரு சுவர் எழுப்பி அடைத்துவிட்டார்.

மேஸ்திரி இதையெல்லாம் கேட்டுவிட்டு, பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு சொன்னார். "சந்தை அடைச்சதுதான் வினை. சருகும் மண்ணும் உள்ளயே தங்கியிருக்கும். தண்ணி போக வழியில்ல. ஜன்னலும் இல்ல, காத்தும் இல்ல. சுவர் இத்தனை வருஷமாத் தண்ணி குடிச்சுக்கிட்டே இருக்கு."

"என்ன செய்யலாம்?"

"பூச்சை எல்லாம் உரிக்கணும். கல்லை எடுத்து ஜன்னலைத் திறக்கணும். சந்தைச் சுத்தம் பண்ணணும்." பிறகு, "சந்துக்கு இப்போ பக்கத்து வீட்டுக் கொல்லை வழியாத்தான் போகணும். அவங்ககிட்ட கேளுங்க" என்றார்.

கேட்பதற்கு அவள் மூன்று நாள் போகவில்லை. எந்த முகத்தோடு போவது? அப்பா இறந்தபோது அந்த வீடு பூட்டியிருந்தது. அத்தை இருக்கிறாளா, இல்லையா, இருந்தாலும் பேசுவாளா, ஒன்றும் தெரியாது. முதலில் உள்வேலையை முடிப்போம் என்று தனக்குத்தானே சாக்குச் சொல்லிக்கொண்டு, முகமூடியும் கையுறையும் மாட்டி, கதவிடுக்கில் ஈரத் துணி அடைத்து, சுரண்டியைக் கையில் எடுத்தாள். பூசணம் பறக்காமல் இருக்க மேஸ்திரி மருந்துத் தண்ணீரைத் தெளித்துக்கொண்டே வர, அவள் பின்னாலேயே சுரண்டிக்கொண்டு வந்தாள்.

பூசணத்துக்குக் கீழே பெயிண்ட் வந்தது. ஒரு பெயிண்டுக்குக் கீழே இன்னொன்று. அப்பா வருடா வருடம் மழை முடிந்ததும் இந்த ஒரு சுவருக்கு மட்டும் பெயிண்ட் அடிப்பார். சுவர் கெட்டுப்போயிருக்கிறது என்று ஒரு நாளும் ஒப்புக்கொண்டதில்லை. "கொஞ்சம் மங்கியிருக்கு, அவ்வளவுதான்" என்பார். ஆனால் அந்த நாள் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். செய்தித்தாளில் தொப்பி செய்து மூவரும் தலையில் கவிழ்த்துக்கொள்வார்கள். தம்பி பாதி சுவருக்கும் பாதி தனக்கும் அடித்துக்கொள்வான். அவள் கைச் சுரண்டியில் இப்போது இளம்பச்சை வந்தது. அது அவள் கல்லூரி முடித்த வருடம். அதன் கீழே ஒரு ரோஜா நிறம். கடைக்காரன் டப்பாவை மாற்றிக் கொடுத்துவிட்டான், திருப்பிக் கொடுக்கக் கூச்சப்பட்டு அப்பா அதையே அடித்துவிட்டார், வருடம் பூராவும் பின்னறை மிட்டாய்க் கடை மாதிரி இருந்தது. அதன் கீழே மஞ்சள். தம்பி முதல் தடவையாக ஏணியில் ஏறின வருடம்.

சாப்பாட்டு நேரத்தில் தம்பிக்குப் போன் போட்டாள்.

"ரோஸ் கலர் கிடைச்சுதுடா."

அவன் முதலில் சிரித்தான். பிறகு கேட்டான். "அக்கா, பெயிண்ட் அடிச்ச மாசமெல்லாம் எனக்கு மூச்சு இழுக்காது, கவனிச்சிருக்கியா? அப்புறம் மெதுவா ஆரம்பிக்கும். நான் அந்த ரூம்லதானே படுத்தேன்."

அவள் கவனித்ததில்லை. இருமல் வந்தால் அம்மா வெந்நீர் வைத்துக் கொடுப்பதும், அப்பா முதுகைத் தடவிக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருப்பதும்தான் நினைவில் இருந்தது. எதனால் என்று அன்றைக்கு யாருக்கும் தோன்றவில்லை.

"அப்பாவுக்குத் தெரிஞ்சிருக்குமா?" என்று கேட்டான்.

"தெரிஞ்சிருந்தா அன்னிக்கே ஜன்னலை உடைச்சிருப்பார்டா" என்றாள். அப்படித்தான் அவள் நம்பினாள்.

நான்காம் நாள் காலை பூச்சு எல்லாம் உதிர்ந்து, அப்பா வைத்த செங்கற்கள் வெளியே தெரிந்தன. நூல் பிடித்து வைத்தவைதான். ஆனாலும் மூன்றாவது வரிசையிலிருந்து இடப்பக்கமாகச் சாய்ந்து, மேலே போகப் போக மொத்தமாகக் குடித்தவன் நடையாக இருந்தன. மேஸ்திரி வாய்விட்டுச் சிரித்ததை அவள் அன்றைக்குத்தான் பார்த்தாள்.

அப்போது அந்தச் செங்கலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து சத்தம் கேட்டது.

டக், டக். கொஞ்சம் இடைவெளி. டக்.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மறுபடி அதே மாதிரி. இரண்டு தட்டு, நிறுத்தி ஒரு தட்டு. மேஸ்திரி சுத்தியலைக் கீழே வைத்துவிட்டார். மூத்தவளுக்கு என்ன தோன்றியதோ, கையுறையைக் கழற்றிவிட்டு அம்மாவுக்குப் போன் செய்தாள்.

"அம்மா, பின்னறைச் சுவரை யாரோ அந்தப் பக்கத்திலேர்ந்து தட்டுறாங்க."

 போனில் கடையின் இரைச்சல் மட்டும் கீழேயிருந்து கேட்டது. பிறகு அம்மா கேட்டாள்.

"எத்தனை தட்டு?"

"ரெண்டு. அப்புறம் ஒண்ணு."

"பதிலுக்கு ஒரு தட்டு தட்டு. இல்லேன்னா அவ பயந்துடுவா."

மூத்தவள் போனைக் காதில் வைத்தபடியே சுரண்டியின் பிடியால் செங்கல்லில் ஒரு தட்டு தட்டினாள். அந்தப் பக்கம் ஏதோ கீழே விழுந்த சத்தம் கேட்டது.

"தட்டிட்டேன். அம்மா, என்ன இது?"

"நாளைக்கு நான் வரேன்" என்றாள் அம்மா. "உன் புருஷனை வண்டி ஏற்பாடு பண்ணச் சொல்லு. நான் வர்ற வரைக்கும் ஒரு கல்லையும் எடுக்கக் கூடாது, சொல்லிட்டேன்."

முழங்கால் வலி என்று ஆறு மாதமாக மாடிப்படி இறங்காதவள் அம்மா.

அதற்கு மேல் மூத்தவளால் உள்ளே நிற்க முடியவில்லை. உடம்பெல்லாம் சுவர்த்தூளோடு தெருவில் இறங்கிப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினாள். திறந்தது ரேடியோ அத்தைதான். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தாள். பாதியாகச் சுருங்கியிருந்தாள். வெளியே சுள்ளென்று வெயில் அடிக்க, வீட்டுக்குள் ஒரு குடையை நடுவில் பிடித்துக்கொண்டு நின்றாள். குடையின் வளைந்த பிடியில் செங்கல் தூள்.

அத்தை இவளை மேலும் கீழும் பார்த்தாள். "தட்டினது நீயா?"

"ஆமா அத்தை."

"அவ எங்க?" இவளுக்குப் பின்னால் தெருவை எட்டிப் பார்த்தாள். "அவ இருக்காளா?"

"இருக்காங்க அத்தை. நல்லா இருக்காங்க. என்கூடத்தான் இருக்காங்க. நாளைக்கு இங்க வர்றாங்க."

அத்தை அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். மூத்தவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு கதை வந்தது. கண் ஆபரேஷனுக்காக மகன் வீட்டுக்குப் போனவள், சிக்கலாகி, ஏழு மாதம் அங்கேயே தங்க வேண்டியதாகிவிட்டது. திரும்பி வந்தால் பக்கத்து வீட்டில் பூட்டு. அப்பா இறந்ததைத் தெருவில் சொன்னார்கள். அம்மா எங்கே போனாள் என்று சரியாகச் சொல்ல ஆளில்லை. மாமாவும் ஆறு வருடம் முன்பே போய்விட்டார்.

"ஆள் இல்லாத வீட்டைத் தட்டிக்கிட்டே இருந்தேன். பைத்தியம்னு நினைக்காதே. நாலு நாளாச் சுரண்டுற சத்தம் கேட்டுச்சு. திருடன்னு முதல்ல பயந்தேன். அப்புறம், எந்தத் திருடன் இப்படிப் பொறுமையா உக்காந்து சுரண்டுவான்னு தட்டிப் பாத்தேன்."

மூத்தவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. சந்தைச் சுத்தம் செய்ய வழி விடுவீர்களா என்று கேட்டதற்கு, "வழியா? ரெண்டு ஆம்பளைங்ககிட்டயும் எத்தனை தடவை தலைபாடா அடிச்சுக்கிட்டேன், அந்தச் சருகை அள்ளுங்கன்னு! யார் கேட்டா?" என்று அத்தை பொரிந்து தள்ளினாள்.

மறுநாள் அம்மா வந்தாள். நல்ல புடவை கட்டிக்கொண்டு, தலையைப் படிய வாரிக்கொண்டு, ஏதோ கல்யாணத்துக்குக் கிளம்பியவள் மாதிரி வண்டியிலிருந்து இறங்கினாள். பின்னறையில் நாற்காலி போட்டு உட்கார வைத்து, மூக்கில் முகமூடி மாட்டிவிட்டார்கள். மேஸ்திரி மேல் வரிசையிலிருந்து ஒவ்வொரு கல்லாகப் பெயர்த்துக் கீழே அடுக்கினார். ஓதத்தில் ஊறிய கலவை, மாவு மாதிரி உதிர்ந்தது.

"ஏம்மா எங்ககிட்ட சொல்லவே இல்ல?" என்று மூத்தவள் கேட்டாள்.

"என்னத்தைச் சொல்ல? தெருவுல பாத்தாலும் பேசிக்கிறது நின்னு போச்சு. ஒரு நாள் நான் அலமாரியைத் துடைக்கும்போது கை பட்டுச் சத்தம் வந்துச்சு. அந்தப் பக்கத்திலேர்ந்து அவ ஜன்னல் வழியாக் குடையை நீட்டித் தட்டினா. அப்படியே பழகிடுச்சு. தினம் பதினொரு மணிக்கு. ரெண்டும் ஒண்ணும்னா 'நல்லா இருக்கியா'ன்னு அர்த்தம். ஒண்ணு தட்டினா 'இருக்கேன்'."

"அவ்வளவுதானா?"

"வேற என்ன வேணும்?"

"அப்பாவுக்குத் தெரியுமா?"

அம்மா முகமூடியைக் கொஞ்சம் கீழே இறக்கிக்கொண்டாள். "ரிடையர் ஆனப்புறம் அவரும் நாள் பூரா வீட்லதானே இருந்தார். பயமாத்தான் இருந்துச்சு. ஆனா பதினொரு மணி அடிச்சா சட்டையை மாட்டிக்கிட்டு வெளியே கிளம்பிடுவார். அரை மணி நேரம் கழிச்சு வெறுங்கையோட வருவார். எங்க போறீங்கன்னு நான் கேட்டதில்ல. சுவர்ல என்ன சத்தம்னு அவரும் கேட்டதில்ல."

மூத்தவள் செங்கற்களைப் பார்த்தாள். ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும், அந்த மனிதர் வாயில் அந்த ஒரு சொல் கடைசி வரைக்கும் வரவில்லை. அவரால் முடிந்தது சட்டையை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்குவது. வெயிலில், மழையில், போக இடமில்லாமல் தெருக்கோடி வரை நடந்து திரும்புகிற அப்பாவை நினைத்துக்கொண்டே, அடுக்கியிருந்த கல்லில் ஒன்றை எடுத்துத் தூசி தட்டி வைத்தாள்.

முதல் கல்லோடேயே வெளிச்சம் வந்துவிட்டது, ஐந்தாவது வரிசை எடுத்ததும் எதிர்ப்பக்கம் தெரிந்தது. எதிர் ஜன்னலில் அத்தை நாற்காலி போட்டுத் தயாராக உட்கார்ந்திருந்தாள். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினாள். அம்மா எழுந்து ஜன்னல் கட்டையைப் பிடித்துக்கொண்டாள்.  மேஸ்திரி சுத்தியலை எடுத்துக்கொண்டு நாசூக்காக வெளியே போய்விட்டார்.

அத்தைதான் ஆரம்பித்தாள். "ரொம்ப இளைச்சுட்டே."

"உனக்குக் கண்ணு போயிடுச்சுன்னு சொன்னாங்க?"

"ஆபரேஷன் பண்ணியாச்சு. இப்போ எல்லாம் நல்லாத் தெரியுது. அதான் சொல்றேன், இளைச்சுட்டே."

அம்மா கையை நீட்டினாள். சந்தின் அகலம் அப்படியேதான் இருந்தது, கைகள்தான் குட்டையாகிவிட்டன. விரல் நுனிதான் தொட்டது. அன்று சாயங்காலம் வரைக்கும் இருவரும் பேசினார்கள். அதில் முக்கால் பங்கு, இருபத்தொன்பது வருடம் முன்பு பாதியில் நின்றுபோன ஒரு தொடர்கதையில் அந்த நாயகி யாரைக் கல்யாணம் செய்துகொண்டாள் என்பதைப் பற்றி.

சந்திலிருந்து சாக்குச் சாக்காகக் கறுத்த மண் வந்தது. தெருப்பக்கத்து அடைப்பையும் இடித்தார்கள். அத்தை வீட்டுக் கூரைக் குழாயை மேஸ்திரி நீட்டி, தெருச் சாக்கடையில் கொண்டு போய் விட்டார். ஆனால் சுவர் அவசரப்படவில்லை. மின்விசிறியை இரண்டு வாரம் ஓடவிட்டார்கள். மேஸ்திரி சுவரில் ஒரு பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் ஒட்டிவிட்டுப் போவார். மறுநாள் தாளுக்குள் வியர்த்திருந்தால், ஈரம் இன்னும் போகவில்லை என்று தலையை ஆட்டுவார். தரகர் போன் மேல் போன் போட்டார். "சுவருக்கு வேர்க்குது, இன்னும் ஆகலை" என்று மூத்தவள் சொன்னதும், நல்ல வேளை, போனில் அவர் முகம் தெரியவில்லை. பதினாறாம் நாள் தாள் உலர்ந்திருந்தது. புதுப் பூச்சு, மர ஜன்னல், வெள்ளைச் சுண்ணாம்பு. அப்பாவின் நிறங்களில் எதையாவது அடிக்கலாமா என்று ஒரு கணம் யோசித்து, விட்டுவிட்டாள். வரப்போகிறவர்கள் தங்கள் நிறத்தை அடித்துக்கொள்ளட்டும்.

முதலில் வந்த தம்பதிக்கு வீடு பிடித்திருந்தது. சந்துப் பக்கச் சுவரில் என்ன இருந்தது, என்ன செய்தோம் என்று மூத்தவள் ஒன்று விடாமல் சொன்னாள். தரகர் அவர்கள் முதுகுக்குப் பின்னால் நின்று கையால் வாயைப் பொத்திப் பொத்திக் காட்டினார். அவர்கள் யோசித்துச் சொல்கிறோம் என்று போனவர்கள்தான், திரும்பி வரவில்லை. தரகர் நாலு நாள் இவளோடு பேசவில்லை.

இரண்டாவதாக வந்தவள் ஒரு தையற்காரி. லாரி ஓட்டுகிற கணவனோடும் இரண்டு பெண்களோடும் வந்தாள். அவளிடமும் எல்லாவற்றையும் சொன்னாள். தையற்காரி போய்ச் சுவரில் உள்ளங்கையை வைத்தாள். பிறகு கன்னத்தை வைத்தாள். துணியில் ஈரம் பார்க்கிற பழக்கமாக இருக்க வேண்டும். "காஞ்சுதான் இருக்கு. இந்த ஜன்னல் கிட்ட மெஷினைப் போட்டா லைட்டே வேண்டாம்" என்றாள். அதற்குள் எதிர் ஜன்னலிலிருந்து அத்தை, "எத்தனை குழந்தைங்க? ஜாக்கெட் தைப்பியா? ராத்திரியெல்லாம் மெஷின் ஓட்டுவியா?" என்று நேர்முகத் தேர்வை ஆரம்பித்துவிட்டாள். தரகர் கண்ணை மூடிக்கொண்டார். ஆனால் லாரிக்காரர் சிரித்துவிட்டார். "நான் பாதி நாள் ஊர்ல இருக்க மாட்டேன். பக்கத்துல இப்படி ஒருத்தர் இருந்தா எனக்கு நிம்மதி" என்றார்.

பத்திரம் பதிகிற நாளுக்குத் தம்பி வந்தான். கையெழுத்தெல்லாம் முடிந்ததும் ஒரு தடவை பின்னறைக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தான். என்னடா என்று மூத்தவள் கேட்டதற்கு, "சும்மா, மூச்சு விட்டுப் பாத்தேன்" என்றான்.

இப்போது புதன்கிழமை தோறும் அம்மா அத்தை வீட்டுக்குப் போகிறாள். காலையில் மாப்பிள்ளை பஸ் ஏற்றி விடுவான், சாயங்காலம் மூத்தவள் போய்க் கூட்டி வருவாள். மாடிப்படி இறங்க முழங்கால் இப்போதும் வலிக்கத்தான் செய்கிறது. புதன்கிழமை அதைப் பற்றி அம்மா பேசுவதில்லை.

போன வாரம் திரும்பி வருகையில் பஸ்ஸில் கூட்டம். இருவருக்கும் பின்சீட்டில்தான் இடம் கிடைத்தது. அம்மா மடியில் ஒரு பொட்டலம் வைத்திருந்தாள். தையற்காரி தைத்துக் கொடுத்த தலையணை உறைகளாம்.

"எப்படிம்மா இருக்கா அவ?"

"நல்லாத் தைக்கிறா. கை சுத்தம்" என்றாள் அம்மா. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஆனா ரொம்பப் பேசுறா. எங்களைப் பேசவே விட மாட்டேங்கிறா" என்றாள்.

சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக் கடைகளை வேடிக்கை பார்க்க ஆரம்பித்தாள். இறங்க வேண்டிய இடம் வருவதற்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.